நிறுத்தாமல் வந்த வோல்கா

தல்திக் கணவாயை இறங்கி முடிக்கிற இடத்தில் சாலையோரம் ஒரு சுனை உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் அதைத் தாண்டி நேரே போகமாட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி, இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்து, பானட்டைத் திறந்து, தீப்பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி அதை ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பிவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்காருவார்கள். மலைமேல் காற்று மெல்லிசு. அங்கே பிளக்கில் பொறி சற்று முந்தி விழுந்தால்தான் வண்டி இழுக்கும். கீழே காற்று கனம். அதே முந்தலோடு இறங்கினால் எஞ்சினுக்குள் சின்னச் சுத்தியலால் யாரோ தட்டுவதுபோல் கேட்கும். விட்டால் பிஸ்டன் கருகிவிடும். அதனால் எங்கள் பக்கத்து வண்டி ஒவ்வொன்றின் டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஆணியால் கிழித்த இரண்டு கீறல்கள் இருக்கும். ஒன்று மலைமேல் எங்கள் ஊருக்கு, ஒன்று கீழே நகரத்துக்கு.

எர்கெஷின் வெள்ளை வோல்கா காரில் அப்படி இரண்டோடு நிற்கவில்லை. அன்று காலை அவன் சுனையருகே பானட்டைத் திறந்து குனிந்து நின்றபோது, பின்னால் வந்து நின்ற ஷிகுலி காரிலிருந்து கமில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, பூனை பிறாண்டின மாதிரி இருக்கு? எந்தக் கீறல் எதுக்குன்னு பேர் எழுதி வச்சிருக்கியா?"

"சும்மா இருடா."

"இல்லண்ணே, கேக்குறேன். இது போன வாரத்துக் கீறலா, அதுக்கு முந்தினதா?"

எர்கெஷ் திருகைத் தளர்த்தினான். கோடையிலிருந்தே வண்டி சரியில்லை. காலையில் வைக்கிற டைமிங் மதியத்துக்குள் மாறிவிடுகிறது. ஏற்றத்தில் இருமுகிறது, கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது, இறக்கத்தில் தட்டுகிறது. பாயிண்டை மாற்றினான். கண்டென்சரை மாற்றினான். பெட்ரோல் மட்டம் என்று பெட்ரோல்காரனைத் திட்டினான். எதுவும் சரிவராதபோது டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் திருப்புவான். வண்டி இரண்டு நாள் சமர்த்தாக ஓடும். அப்புறம் இன்னொரு கீறல்.

கமில் பின் கதவுக் கண்ணாடியில் விரலால் தட்டினான். பின் இருக்கையில் போர்வை போர்த்திப் படுத்திருந்த எர்கெஷின் மனைவி துர்சுனாய் கண் திறந்து சிரித்தாள்.

"அண்ணி, இந்தக் கிழவன் உன்ன எஞ்சினப் பாத்துக்குற அளவுக்காவது பாத்துக்குறானா?"

"எஞ்சினுக்கு என்ன விட நல்ல எண்ணெய் ஊத்துறாரு, கமில்."

"என் வண்டில வந்துரு. ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

"ராணிய மடில உக்கார வப்பியா? உள்ள தலை தலையா தெரியுது."

கமில் திரும்பித் தன் ஷிகுலியைப் பார்த்தான். முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர், அவர்கள் மடியில் மூட்டைகள். அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கிவிட்டது. துர்சுனாயால் வழி முழுக்க நிமிர்ந்து உட்கார முடியாது. பாதி வழியில் வாந்தி வரும். கால் நீட்டிப் படுக்க இடம் தருகிற வண்டி ஊரில் அந்த வோல்கா ஒன்றுதான். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன அவளை வாரத்துக்கு இரண்டு முறை ஓஷ் நகரத்துக்குக் கொண்டுபோய், ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக எர்கெஷின் வாழ்க்கை இதுதான். ஆட்டு மந்தையைத் தம்பியிடம் விட்டுவிட்டான்.

"குல்சால மெக்கானிக் ஹாஷிம்ஜான் உஸ்தாகிட்ட காட்டுண்ணே. நீயே திருகிட்டு இருக்காதே. நம்மாளுங்க எல்லாருக்கும் இதே வியாதி, எது கெட்டாலும் அதத் திருப்புறது."

"திருப்பினா ஓடுதுல்ல?"

"ஓடுது, ஓடுது" என்றான் கமில். போகும்போது தன் வண்டியிலிருந்த ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்துவந்து துர்சுனாயின் காலடியில் விரித்துவிட்டுப் போனான்.

*

குல்சாவில் அன்று சந்தை நாள். ஹாஷிம்ஜானின் கொட்டகையில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவரிடம் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். உஸ்பெக் தொப்பியும் எண்ணெய் பிசுபிசுக்கும் அங்கியுமாக அவர் வாதுமை மரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வோல்கா உள்ளே நுழையும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நிறுத்தாதே, எஞ்சின் வேகத்தக் கொஞ்சம் ஏத்து. ஆங். இப்ப விடு." அவர் எழுந்து வந்தார். "பொறி ஒரு இடத்துல விழல தம்பி. ஒரு தரம் முந்துது, ஒரு தரம் பிந்துது. குடிகாரன் நடக்குற மாதிரி."

"டிஸ்ட்ரிபியூட்டர மாத்திரலாமா உஸ்தா?"

"அத எதுக்கு மாத்தணும்? அது என்ன பாவம் பண்ணுச்சு? நிறுத்து. மூடியக் கழட்டு."

சோதனை எளிமையானது. எஞ்சினைக் கைப்பிடி போட்டுக் கையால் ஒரு பக்கம் சுற்ற வேண்டும். பிறகு மறுபக்கம் திருப்ப வேண்டும். கீழே எஞ்சினின் முகப்பிலுள்ள சக்கரம் திரும்பத் தொடங்கிய பிறகு, மேலே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற சுழலி எவ்வளவு தாமதித்து அசைகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் நல்லது. ஹாஷிம்ஜானுக்குத் தோள்பட்டை போய்விட்டது, கைப்பிடி சுற்ற முடியாது. அதனால் எர்கெஷ் சுற்ற வேண்டும். ஹாஷிம்ஜான் கீழே படுத்துச் சக்கரத்தின் குறியைப் பார்க்க வேண்டும். மேலே சுழலியில் விரல் வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"நான் வைக்கிறேன்" என்று பின் கதவைத் திறந்தாள் துர்சுனாய்.

"நீ படு" என்றான் எர்கெஷ்.

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குது. விரல்தானே வைக்கணும்?"

ஹாஷிம்ஜான் தன் முக்காலியைத் தூக்கிவந்து வண்டியின் பக்கத்தில் போட்டு, அதைத் தன் அங்கியின் நுனியால் துடைத்தார். அவள் ஏறி நின்று, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுட்டுவிரலைச் சுழலியின்மேல் வைத்தாள். இத்தனை நாள் தன்னைச் சுமந்த எஞ்சினை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"அசைஞ்சதும் 'இப்ப'ன்னு சொல்லும்மா. தம்பி, மெதுவா. மறுபக்கம்."

எர்கெஷ் திருப்பினான். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"சொல்லும்மா" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இன்னும் அசையல."

இன்னும் திருப்பினான். கைப்பிடி கால் சுற்றுக்குமேல் வந்துவிட்டது. அப்படி இருக்கவே முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஹாஷிம்ஜான் முனகிக்கொண்டு கீழிருந்து எழுந்துவந்து பார்த்தார். சுழலி எப்போதோ திரும்பியிருந்தது. அதன்மேல் வைத்த விரலும் அதோடு கூடவே திரும்பிப் போயிருந்தது. துர்சுனாய் கவனமாகக் கேட்பவள்போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"துர்சுனாய்" என்றான் எர்கெஷ்.

அவள் கண் திறந்து தன் விரலைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது, பாத்திரத்தைக் கைதவறிப் போட்ட புது மருமகள்போல.

"விரல்ல ஒண்ணும் தெரியல" என்றாள். "கொஞ்ச நாளாவே அப்படித்தான். கால்ல இருந்துச்சு. இப்ப கைக்கும் வந்துருச்சு."

"என்கிட்ட சொல்லல நீ."

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எர்கெஷ் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அந்தக் கை சில நாட்களாகத் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிப்பதைக் கண்டிருக்கிறான். குளிர் என்று நினைத்திருந்தான்.

ஹாஷிம்ஜான் தரையில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துச் சுழலியின் பள்ளத்தில் செருகினார்.

"எனக்கும் விரல் போயாச்சும்மா, இந்த எண்ணெயில ஊறி ஊறி. நான் எதையும் கண்ணாலதான் பாக்குறேன். உனக்குக் கண்ணு நல்லா இருக்குல்ல? இந்தத் துரும்பப் பாரு. அது தலையாட்டினதும் சொல்லு."

மறுபடி அவர் கீழே படுத்தார். எர்கெஷ் சுற்றினான்.

"இப்ப" என்றாள் துர்சுனாய். சத்தமாகவே சொன்னாள்.

மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் அவள் சரியாகச் சொன்னாள். மூன்று முறையும் கீழே சக்கரம் ஒரு கட்டைவிரல் அகலம் ஓடிய பிறகுதான் மேலே துரும்பு அசைந்தது. ஹாஷிம்ஜான் எழுந்து கையைத் துடைத்தார். அவளைக் கைபிடித்து இறக்கி இருக்கையில் படுக்கவைத்துவிட்டு, எர்கெஷை மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"உள்ள ஒரு பல்சக்கரம் இருக்கு, தெரியும்ல. நாரும் பசையும் வச்சு அழுத்திச் செஞ்சது. அதோட பல்லு தேஞ்சு போச்சு. அது ஆடுறதாலதான் பொறியும் ஆடுது. நீ வெளிய திருப்பித் திருப்பி அந்த ஆட்டத்த மறைச்சுக்கிட்டு வந்திருக்க."

"மாத்துங்க உஸ்தா."

"கோடையில ஒண்ணு வச்சிருந்தேன். அறுவடை சமயத்துல ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். அப்ப வந்திருந்தா உனக்குத்தான்."

கோடையில்தான் எர்கெஷ் மூன்றாவது கீறலைப் போட்டான்.

"காரா-சூ சந்தையில சொல்லி வைக்கிறேன். வந்தா வரும். ஆனா எஞ்சினப் பிரிக்கணும், ரெண்டு நாள் ஆகும். தங்கச்சிக்கு இன்னிக்கு முறையாச்சே."

"இன்னிக்குத்தான். எவ்வளவு நாள் தாங்கும் இது?"

"அல்லாவுக்குத் தெரியும். மாசம் ஓடலாம். இந்த வளைவுலயே உதிரலாம். உதிர்ந்தா முன்னாடி சொல்லாது, விளக்கு அணைஞ்ச மாதிரி நிக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓடிக்கிட்டு இருக்கும்போது பெரிசா ஒண்ணும் ஆகாது. ஸ்டார்ட் பண்ணும்போது விழுற உதைதான் பல்லை உடைக்கும். இப்ப ஒருதரம் கையால சுத்தி மெதுவா எழுப்பித் தர்றேன். அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தாதே."

"அங்க மெஷின்ல ரொம்ப நேரம் ஆகுமே?"

"ஓடட்டும்."

அவர் தன் மீதி ரொட்டியைத் துணியில் சுற்றி முன் இருக்கையில் வைத்தார். எர்கெஷ் சட்டைப் பைக்குள் கை விட்டபோது அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார்.

*

ஓஷில் வெயில் இருந்தது. சிகிச்சை நிலையத்தின் சுவரோரம், இலை உதிர்கிற மரத்தடியில் வோல்கா நடுங்கிக்கொண்டே நின்றது. காவல்காரர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டார். மூன்றாவது முறை எர்கெஷ் விஷயத்தைச் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, புகை ஜன்னலுக்குள் போகாதபடி வண்டியைத் தள்ளி நிறுத்த இடம் காட்டினார். தண்ணீர் கொதித்துவிடாமல் இருக்க வாளியில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

வழக்கமாக எர்கெஷ் உள்ளே அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். அவள் தூங்கும்வரை ஊர்க்கதை பேசுவான். இன்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ஜன்னல்களில் எது அவளுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தான். காதை எஞ்சினில் வைத்திருந்தான். யா அல்லா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உதடு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குப் பிறகு நர்ஸ் கிளாரா வெளியே வந்தாள். கனத்த உடம்பும் உரத்த குரலுமான பெண்.

"எர்கெஷ் அண்ணே, டாக்டர் கூப்பிடுறாரு."

"வண்டிய விட்டு வர முடியாது தங்கச்சி. நின்னா எழுப்ப முடியாது."

"துர்சுனாய் அக்கா சொன்னாங்க. நான் உக்காந்துக்குறேன், போங்க."

"உனக்கு வண்டி தெரியுமா?"

"மெஷினுக்குக் காவல் இருக்கறதுதானே என் பொழப்பு. என்ன செய்யணும்?"

"எதையும் தொடாதே. சத்தம் குறைஞ்சா மட்டும் இந்தக் குமிழ ஒரு நகக்கண் அளவு இழு."

வெள்ளை உடுப்போடு அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் இளைஞர். களைத்திருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார். இப்போதெல்லாம் மெஷினே அவளுக்குப் பாரம்; ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது, பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. வழிப்பயணம் வேறு. கூட்டிவந்தால் செய்கிறோம். கூட்டிவராமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

"வேற எதையாவது கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டான் எர்கெஷ்.

"அதைத்தான் நாங்க இத்தனை மாசமா செய்துட்டு வந்தோம்" என்றார் டாக்டர். அதை அவர் மென்மையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிளாரா இறங்கினாள்.

"ஒரு தரம் குறைஞ்சுது. இழுத்துவிட்டேன்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியும்ணே. போன வாரமே டாக்டர்கிட்ட நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க."

*

திரும்பும் வழியில், பெட்ரோல் நிலையத்தில் எஞ்சினை நிறுத்தாமல் ஊற்றமாட்டேன் என்றான் அங்கிருந்தவன். எர்கெஷ் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, கேனில் வாங்கி நடந்துவந்து ஊற்றினான். துர்சுனாய் பின் இருக்கையில் படுத்தபடி அவன் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குல்சா தாண்டியது. சுனை வந்தது. அங்கே நிறுத்தி, எஞ்சின் ஓடியபடியே, டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடப் போனவன் கையை எடுத்துக்கொண்டான். எந்தக் கீறலுக்குத் திருப்புவது? எல்லாம் பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது. பானட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஏற்றத்தில் பனி தூறத் தொடங்கியது. வோல்கா இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது.

"போன வாரமே தெரியுமா உனக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"கிளாராவுக்கு வாய் சும்மா இருக்காது."

"தெரிஞ்சுமா இன்னிக்கு வந்தே? விடியறதுக்கு முன்னாடி எழுந்து, இந்தக் குளிர்ல?"

ஒரு வளைவு போனது.

"நீங்க முந்தின நாளே சாயங்காலம் பேட்டரியக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைப்பீங்க, சூடா இருக்கட்டும்னு. காலைல எனக்கு முன்னாடி எழுந்து போயி அதோட சண்டை போடுவீங்க. அது கிளம்பினதும் ஒரு முகம் வரும் பாருங்க உங்களுக்கு. நான் வரமாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் வரலன்னா நீங்க எங்க போவீங்க?"

எர்கெஷுக்குச் சாலை மங்கியது. துடைப்பான் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கோடையிலயே உஸ்தாகிட்ட போயிருக்கணும்" என்றான்.

"போயிருந்தா வண்டி நல்லா இருந்திருக்கும்."

"ஆமா."

"வண்டி மட்டுந்தாங்க" என்றாள் அவள். "அதுக்கு மேல உங்க தலைல ஏத்திக்காதீங்க."

கணவாயின் உச்சியில் எஞ்சின் இரண்டு முறை நின்றுவிடுவதுபோல் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் பிஸ்மில்லா சொன்னார்கள்.

*

வெளிச்சம் முழுதும் போவதற்குள் வீடு சேர்ந்துவிட்டார்கள். கமில் முன்பே வந்து, குல்சாவில் ஹாஷிம்ஜானிடம் கேட்டதை ஊரெல்லாம் சொல்லியிருந்தான். முற்றத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெண்கள் அடுப்பு மூட்டி வைத்திருந்தார்கள். புகைபோக்கியிலிருந்து சாணிப்புகை நேரே மேலே போனது. வோல்கா வெளிவாசலுக்குள் நுழைந்து, நடுமுற்றத்தில் நடுங்கியபடி நின்றது.

"நிறுத்தாதண்ணே!" என்று கமில் ஓடிவந்தான். கையில் ஒரு கேன். "எல்லாம் பேசி முடிச்சாச்சு. அடுத்த தடவ ஓஷுக்குப் போற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பொழுது உக்காந்துக்குவோம். ராத்திரி நானும் என் மச்சானும். பெட்ரோல் பாரு."

சுவரோரம் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒன்று பிளாஸ்டிக், ஒன்று தகரம், ஒன்று பால் கேன். அவை பனிக்காலத்துக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் எடுத்து வைத்திருந்தது என்று எர்கெஷுக்குத் தெரியும். கணவாய் மூடிக்கொண்டால் அவசரத்துக்கு அதுதான் அவர்களுக்கு எல்லாம். துர்சுனாயும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கமில்" என்று கூப்பிட்டாள்.

"சொல்லு அண்ணி."

"அந்தப் பால் கேன் யாருது?"

"எங்க வீட்டுது. நல்லா கழுவித்தான் ஊத்தினேன்."

"உன் பொண்டாட்டி நாளைக்குப் பால எதுல கறப்பா?"

கமில் தலையைச் சொறிந்தான். அவனோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்து, கணவனின் தோளைத் தொட்டாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

"துர்சுனாய்."

"போதுங்க. நிறுத்துங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. நெடுந்தூரம் ஆடு ஓட்டிப்போய்த் திரும்பியவர்கள் வாசலில் நின்று ஒரு மூச்சு விடுவார்களே, அந்தக் களைப்புதான் இருந்தது. கமிலின் கையிலிருந்த கேன் மெல்ல இறங்கித் தரையில் அமர்ந்தது.

எர்கெஷ் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நிற்கவில்லை. சூடேறிப்போயிருந்த அது, சாவி திரும்பிய பிறகும் தானாகவே ஒரு குலுங்கல், இன்னொரு குலுங்கல் என்று ஓடியது. வண்டி முழுக்க அதிர்ந்தது. பிறகு உள்ளே எதுவோ உதிர்கிற ஓசை கேட்டது. அதோடு எல்லாம் நின்றது.

மலையிலிருந்து இறங்குகிற ஓடையின் சத்தம் முற்றத்துக்கு வந்தது. எர்கெஷ் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. துர்சுனாய் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் விரல்களுக்கு அந்தத் தோள் தெரிந்ததோ இல்லையோ.

முதலில் கமில்தான் இரண்டு கைகளையும் விரித்தான். என்ன வேண்டுகிறான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொருவராக எல்லாரும் கை விரித்தார்கள். அடுப்படியிலிருந்து பெண்களும் வெளியே வந்து நின்று விரித்தார்கள். பிறகு முகத்தைத் தடவிக்கொண்டு, "ஓமின்" என்று வேண்டுதலை முடித்தார்கள்.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள் துர்சுனாய். "எல்லாரும் குளிர்ல நிக்கிறீங்க."